தென்னாப்பிரிக்காவில் யார் யாருக்குக் கைதட்டுகிறார்கள்? நிறமும் ரசிகர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்க அணியின் ஆட்டத்தைப் பார்க்கும் நம் ஊர்க்காரர்களுக்கு அடிக்கடி வரும் சந்தேகங்கள் இவை. சொந்த ஊர்க் கூட்டமே எதிரணிக்குக் கத்துவது ஏன், கிரிக்கெட் கேப்டன் பவுமா என்றதும் 'கோட்டா' (அணியில் இன ஒதுக்கீடு) என்ற பேச்சு வருவது ஏன், டர்பனில் மட்டும் இந்தியாவுக்கு இவ்வளவு கொடி எப்படி? கிரிக்கெட், ரக்பி, கால்பந்து மூன்றையும் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறோம். ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிதான் விளங்கும்.

கறுப்பின ரசிகர்கள் வெள்ளைக்கார ஆட்டக்காரரைப் பார்த்து 'பூ' என்று கூச்சலிடுகிறார்களா?

இந்தக் கேள்வி 2009 ஜூனில், தென்னாப்பிரிக்காவில் நடந்த கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையின்போது உலகம் முழுக்கக் கேட்கப்பட்டது. தென்னாப்பிரிக்கக் கால்பந்து அணியின் தொடக்கப் பதினொருவரில் ஒரே வெள்ளைக்காரர், ஆறடிக்கு மேல் உயரமான தடுப்பாட்டக்காரர் மேத்யூ பூத். பந்து அவர் காலுக்கு வரும்போதெல்லாம் மைதானம் முழுக்க 'பூஊஊ' என்று ஒலி எழும். வெளிநாட்டு நிருபர்கள் இதை இனவெறிக் கூச்சல் என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் கூட்டம் அவருடைய பெயரைத்தான் இழுத்துக் கூப்பிட்டது. 'பூத்' என்பதில் நெடில் வெகுதூரம் கேட்கும். கடைசி மெல்லொலி வுவுசேலா என்ற ஊதுகுழல்களின் சத்தத்தில் அமுங்கிவிடும். மைக்குக்குப் போய்ச் சேர்வது 'பூ' மட்டும்தான்.

இரண்டையும் பிரித்தறிவது சுலபம். ஏளனக் கூச்சல் என்றால் அவர் பந்தைத் தவறவிட்ட பிறகும் தொடரும். பெயர் சொல்லிக் கூப்பிடுவது, பந்து காலுக்கு வரும்போது தொடங்கிக் காலைவிட்டுப் போனதும் நின்றுவிடும். 1990-களில் மார்க் ஃபிஷ் என்ற இன்னொரு வெள்ளைக்காரத் தடுப்பாட்டக்காரருக்கும் இதே மரியாதை நடந்தது; 'ஃபீஈஈஷ்' என்பதைக் கேட்டு யாரும் குழம்பவில்லை, அவ்வளவுதான். 1996-ல் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்ற அணியின் கேப்டன் நீல் டோவியும் வெள்ளைக்காரர்.

சத்தத்தை மட்டும் கேட்டு முடிவுக்கு வரக்கூடாது என்பதற்காகவே இந்தக் கேள்வியை முதலில் வைத்தோம்.

அங்கே 'கறுப்பர்' என்றால் யார்? இந்திய வம்சாவளியினரான ஆம்லாவையும் கறுப்பர் கணக்கில் சேர்க்கிறார்களே?

1950-ல் வந்த மக்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் ஓர் இனப் பெட்டிக்குள் அடைத்தது: வெள்ளையர், ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர் என்ற 'கலர்ட்', பிறகு இந்தியர். தலைமுடியில் பென்சிலைச் செருகி, அது நழுவி விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்து இனத்தை முடிவு செய்த கூத்தெல்லாம் நடந்தது. சட்டம் 1991-ல் ஒழிந்தது. பெட்டிகள் பேச்சில் ஒழியவில்லை.

இன்று இந்தச் சொல்லுக்கு அங்கே இரண்டு அளவு உண்டு. விரிந்த பொருளில் 'கறுப்பர்' என்றால் அந்த ஆட்சியில் வாக்குரிமை மறுக்கப்பட்ட மூன்று பிரிவினரும் சேர்த்தி. அந்தக் கணக்கில் ஹாஷிம் ஆம்லா, கேசவ் மகராஜ், வெர்னன் ஃபிலாண்டர் எல்லோரும் கறுப்பர்தான். குறுகிய பொருளில் 'ஆப்பிரிக்கக் கறுப்பர்': மக்காயா இன்டினி, ரபாடா, பவுமா. அணித் தேர்வு பற்றிய சண்டையில் பாதி, ஒருவர் முதல் பொருளிலும் மற்றவர் இரண்டாம் பொருளிலும் பேசுவதால் வருவது. 'கலர்ட்' என்பது அங்கே ஒரு சமூகத்தின் பெயர். அமெரிக்காவில் போல வசவுச் சொல் அல்ல.

சொந்த நாட்டு அணியை விட்டுவிட்டு நியூசிலாந்துக்குக் கைதட்டுவது ஏன்?

அது சொந்த நாட்டு அணியாக இருந்ததே இல்லை என்பதுதான் பதில். நிறவெறி ஆட்சியில் ஸ்பிரிங்பாக் என்ற தேசிய ரக்பி அணியின் சட்டையை அணிய வெள்ளைத் தோல் வேண்டும். மைதானத்தில் மற்றவர்களுக்குத் தனி வாசல், தனிப் பகுதி, பெரும்பாலும் பார்வைக்கு மோசமான மூலை. அந்த மூலையில் உட்கார்ந்தவர்கள் வந்த அணி எதுவானாலும் அதற்கே கத்தினார்கள். ராபன் தீவுச் சிறையில் இருந்த அரசியல் கைதிகளும் அப்படியே. ஸ்பிரிங்பாக் தோற்றால் காவலர்களின் முகம் வாடும், கைதிகளுக்கு அது போதும்.

நியூசிலாந்தின் ஆல் பிளாக்ஸ் அணிக்குத் தனி இடம் கிடைத்ததற்கு 1970 காரணம். அதற்கு முன் 1928, 1949, 1960 ஆகிய மூன்று சுற்றுப்பயணங்களிலும் மாவோரி இனத்தவரை விட்டுவிட்டுத்தான் நியூசிலாந்து வந்தது. 1970-ல் தென்னாப்பிரிக்க அரசு அவர்களைக் 'கௌரவ வெள்ளையர்' என்று பட்டம் கட்டி உள்ளே விட்டது. சமோவா வம்சாவளியைச் சேர்ந்த இளம் விங் ஆட்டக்காரர் பிரையன் வில்லியம்ஸ் அந்தப் பயணத்தில் டிரைகளாக (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்து எடுக்கும் புள்ளி) குவித்தார். தங்கள் நிறத்தில் ஒருவர் வெள்ளைக்காரத் தடுப்பை உடைத்துக்கொண்டு ஓடுவதை வேலிக்குப் பின்னால் இருந்தவர்கள் முதன்முதலாக அந்த மைதானங்களில் பார்த்தார்கள். அந்தப் பற்று பேரப்பிள்ளைகள் வரை இறங்கியிருக்கிறது.

இப்போதும் அந்த ரசிகர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். கேப் டவுனில் அவர்களுக்கு 'கேப் குரூசேடர்ஸ்' என்று பெயர். நியூசிலாந்தின் கேன்டர்பரி பகுதி அணியான குரூசேடர்ஸின் பெயரை ஒட்டி வந்தது. பெரும்பாலோர் கலப்பினச் சமூகத்தினர். நிறவெறி ஆட்சி முடிந்த 1994-க்கு முன்பு தாங்கள் போதிய வெள்ளையாக இல்லை, அதற்குப் பின்பு போதிய கறுப்பாக இல்லை என்ற மனக்குறை அந்தச் சமூகத்தில் பரவலாக உண்டு. கேப் குரூசேடர்ஸில் எல்லோரும் அரசியல் காரணத்துக்காக ஆல் பிளாக்ஸ் சட்டை போடுகிறார்கள் என்று சொல்ல முடியாது. அப்பா போட்டார், நானும் போடுகிறேன் என்பவர்களும் நிறைய.

ரக்பி ஆஃப்ரிகானருக்கு (டச்சு வம்சாவளி வெள்ளையர்), கிரிக்கெட் ஆங்கிலேய வம்சாவளியினருக்கு, கால்பந்து கறுப்பருக்கு என்கிறார்களே, சரியா?

கேலரியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கணக்கில் ஓரளவு சரி. யார் ஆடினார்கள் என்ற கணக்கில் தப்பு. கிழக்கு கேப் பகுதியில் மிஷன் பள்ளிகள் வழியாக 19-ஆம் நூற்றாண்டிலேயே கறுப்பின மக்களிடம் கிரிக்கெட்டும் ரக்பியும் வேரூன்றிவிட்டன. இன்டினியும் ரக்பி கேப்டன் சியா கொலிசியும் அந்தப் பகுதியிலிருந்து வந்தது தற்செயல் அல்ல. டர்பனில் இந்தியர்களுக்குக் கரீஸ் ஃபவுண்டன் மைதானம் இருந்தது. கால்பந்தும் கிரிக்கெட்டும் அரசியல் கூட்டமும் அங்கேதான். 'கறுப்பர்களுக்கு ரக்பி இப்போதுதான் கற்றுத்தருகிறோம்' என்ற பேச்சு, ஆவணத்தில் ஏற்றாத நூறு ஆண்டை இல்லை என்று சொல்வதற்குச் சமம்.

1995 ரக்பி உலகக் கோப்பையில் மண்டேலா ஸ்பிரிங்பாக் சட்டை போட்டதும் எல்லாம் மாறிவிட்டதா?

ஒரு நாள் மாறியது, அது உண்மை. 1995 ஜூன் 24, ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க். கேப்டன் ஃபிரான்சுவா பினாரின் 6-ஆம் எண் போட்ட பச்சைச் சட்டையில் மண்டேலா மைதானத்துக்குள் நடந்து வந்தார். ஏறக்குறைய முழுக்க வெள்ளைக்காரர்களாக இருந்த அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம் 'நெல்சன், நெல்சன்' என்று கோஷமிட்டது. கூடுதல் நேரத்தில் ஜோயல் ஸ்டிரான்ஸ்கி அடித்த டிராப் கோலில் 15-12 என்று தென்னாப்பிரிக்கா வென்றது.

அந்த நாளின் அருமை தெரிய மூன்று ஆண்டு பின்னால் போக வேண்டும். 1992 ஆகஸ்ட் 15, அதே எல்லிஸ் பார்க், அதே நியூசிலாந்து. நிறவெறிக்காகத் தென்னாப்பிரிக்காவை உலக விளையாட்டிலிருந்து விலக்கி வைத்திருந்த புறக்கணிப்பு முடிந்து நடந்த முதல் ரக்பி டெஸ்ட். பழைய கொடியும் பழைய கீதமும் கூடாது, வன்முறையில் இறந்தவர்களுக்கு மௌன அஞ்சலி வேண்டும் என்பது ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் போட்ட நிபந்தனை. அஞ்சலி நேரத்தில் கூட்டம் பழைய கீதத்தை உரக்கப் பாடியது. அன்று பாடியவர்களில் எத்தனையோ பேர் 1995-ல் 'நெல்சன்' என்று கத்தியிருக்க வேண்டும்.

ஆனால் கோப்பை வென்ற பதினைந்து பேரில் வெள்ளையரல்லாதவர் ஒருவர்தான்: செஸ்டர் வில்லியம்ஸ். 2007-ல் மறுபடி வென்றபோது இறுதி ஆட்டத்தைத் தொடங்கியவர்களில் இரண்டு பேர். 2019-ல் யோகோஹாமாவில் இங்கிலாந்தை 32-12 என்று வென்றபோது ஆறு பேர், அதில் ஒருவர் கேப்டன் கொலிசி. ஒன்றிலிருந்து ஆறுக்கு வர 24 ஆண்டு.

செஸ்டர் வில்லியம்ஸை அன்று எல்லோரும் கொண்டாடினார்களே?

சுவரொட்டி, விளம்பரம், விமானம் என்று எங்கு திரும்பினாலும் அவர் முகம்தான். மேற்கு சமோவாவுக்கு எதிரான காலிறுதியில் நான்கு டிரை அடித்தவர் வேறு. 2002-ல் வெளிவந்த தன் வாழ்க்கை வரலாற்றில், அணிக்குள்ளேயே சிலர் தன்னை இன வசவால் அழைத்ததாகச் சொன்னார். வெள்ளைக்கார ரசிகர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. சுவரொட்டியில் இருந்தவர் வாய் திறந்ததும் நன்றிகெட்டவர் ஆனார். 2019-ல் அவர் இறந்தபோது மறுபடி நாயகன்.

இன்டினி என்றால் மைதானமே எழுந்து நிற்கும். அவரும் புண்பட்டார் என்பது எப்படி?

மக்காயா இன்டினி 1998-ல் தென்னாப்பிரிக்காவின் முதல் ஆப்பிரிக்கக் கறுப்பின டெஸ்ட் வீரரானார். 101 டெஸ்டில் 390 விக்கெட். அவர் பந்தை எடுத்தாலே வெள்ளைக்காரக் கேலரிகளும் பெயர் சொல்லிக் கத்தின. 2020 ஜூலையில் அவர் தொலைக்காட்சியில் சொன்னது வேறு கதை. சாப்பிடப் போகும்போது அறைக் கதவைத் தட்டிக் கூப்பிட ஆள் இல்லை. பேருந்தின் பின்பக்கம் அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் முன்பக்கம் போய்விடுவார்கள். அதனால் பையை ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு விடுதியிலிருந்து மைதானத்துக்கு ஓடியே போவார். உடற்பயிற்சிக்காக ஓடுகிறார், என்ன ஒரு உழைப்பு என்று ரசிகர்கள் அதையும் புகழ்ந்தார்கள்.

கைதட்டலை வைத்து உறவை அளக்க முடியாது என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று கிடையாது.

டர்பன் இந்தியர்கள் எந்தப் பக்கம்?

வயதைப் பொறுத்தது. முதலில் வரலாறு. 1860 நவம்பர் 16 அன்று 'டுரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்தது. 1911 வரை 1,52,000-க்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்கும் மற்ற வேலைகளுக்கும் வந்தார்கள். சென்னை வழியாக வந்தவர்கள் தமிழரும் தெலுங்கரும். கோவெண்டர், பிள்ளை, மூட்லி, நாயுடு என்ற குடும்பப் பெயர்கள் அப்படி வந்தவை. கவுண்டரும் முதலியாரும் குமாஸ்தாவின் பேனாவில் உருமாறியவை.

நிறவெறிக் காலத்தில் இவர்கள் தென்னாப்பிரிக்க அணியை ஆதரிக்கக் காரணமே இல்லை. அந்த வெள்ளை அணி இந்தியாவுடனோ பாகிஸ்தானுடனோ மேற்கிந்தியத் தீவுகளுடனோ ஒரு டெஸ்ட்கூட ஆடியதில்லை. கோல்ஃபில் பாப்வா சியூகோலம் என்ற டர்பன் இந்தியர் 1963-ல் வெள்ளைக்காரர்களை வென்று நேட்டால் ஓபன் பட்டம் எடுத்தார். கிளப்புக்குள் நுழைய அனுமதி இல்லாததால் வெளியே மழையில் நின்று பரிசு வாங்கினார். அந்தப் படம் உலகமெல்லாம் போயிற்று. டர்பனில் பிறந்த சாம் ராம்சாமி லண்டனில் இருந்துகொண்டு விளையாட்டுப் புறக்கணிப்பை நடத்தி, கடைசியில் 1992 பார்சலோனா ஒலிம்பிக்குக்கு அணியைக் கூட்டிப்போனார். சென்னைக்கும் இதில் பங்கு உண்டு: 1974 டேவிஸ் கோப்பை இறுதிக்கு வந்த இந்தியா, எதிரே தென்னாப்பிரிக்கா என்பதால் ஆட மறுத்தது. விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் இருந்த அணி அது. கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது.

1992 நவம்பர் 13, டர்பன் கிங்ஸ்மீட். 22 ஆண்டுக்குப் பிறகு தென்னாப்பிரிக்க மண்ணில் டெஸ்ட். வந்தது அசாருதீன் தலைமையில் இந்தியா. கபில் தேவின் முதல் பந்திலேயே ஜிம்மி குக் அவுட். மறுநாள் மூன்றாவது நடுவரின் தொலைக்காட்சித் தீர்ப்பில் ரன் அவுட்டான முதல் ஆள் என்று சச்சின் பெயர் பதிவானது. அறிமுக ஆட்டத்தில் பிரவீன் ஆம்ரே 103. எதிரணியில் 40 வயது ஒமர் ஹென்றி. புறக்கணிப்புக்குப் பிறகு தென்னாப்பிரிக்காவுக்கு டெஸ்ட் ஆடிய முதல் கலப்பின வீரர். டர்பன் இந்தியர்கள் இந்தியாவுக்கே கத்தினார்கள்.

இப்போது? தாத்தாவுக்கு இந்தியா, பேரனுக்கு தென்னாப்பிரிக்கா, நடுவில் அப்பா யார் ஜெயித்தாலும் சரி என்கிற வீடுகள் நிறைய. ஆம்லா, மகராஜ் இருவரும் டர்பன் பிள்ளைகள் என்பது கணக்கை மாற்றியது. டர்பன் தமிழரான சேனுரான் முத்துசாமி 2019-ல் விசாகப்பட்டினத்தில் அறிமுகமாகி, எடுத்த முதல் டெஸ்ட் விக்கெட் விராட் கோலி. அந்த விக்கெட்டுக்கு ஒரே வீட்டில் ஒருவர் துள்ளி, ஒருவர் தலையில் கைவைத்தால் ஆச்சரியமில்லை.

இது நாட்டுப்பற்று இல்லாமை ஆகாதா?

1990-ல் இங்கிலாந்தில் நார்மன் டெபிட் என்ற அரசியல்வாதி இதையே ஒரு 'கிரிக்கெட் சோதனை' ஆக்கினார்: குடியேறி வந்தவர் எந்த அணிக்குக் கைதட்டுகிறார் என்று பார் என்றார். டர்பனில் அந்தச் சோதனை செல்லாது. அணியில் சேரவே உன்னை விடமாட்டேன், ஆனால் ஆதரித்துக் கத்து என்று கேட்க யாருக்கும் யோக்கியதை இல்லை.

கோட்டா எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

அதிகாரப் பெயர் 'இலக்கு'. தென்னாப்பிரிக்க கிரிக்கெட் வாரியம் 2016-ல் தேசிய அணிக்கு வெளிப்படையாக அறிவித்தது இது: பதினொருவரில் சராசரியாகக் குறைந்தது 6 பேர் கறுப்பர் (விரிந்த பொருளில்), அந்த ஆறில் குறைந்தது 2 பேர் ஆப்பிரிக்கக் கறுப்பர். பலரும் தவறாகப் புரிந்துகொள்வது, ஒவ்வோர் ஆட்டத்திலும் ஆறு பேர் வேண்டும் என்று. இல்லை. ஒரு சீசன் முழுக்க, எல்லா வகை ஆட்டங்களையும் கூட்டிப் போடும் சராசரி.

கற்பனையாக ஐந்து ஆட்டம் வைத்துக்கொள்வோம். கறுப்பின வீரர் எண்ணிக்கை 7, 6, 5, 5, 7. கூட்டினால் 30, ஐந்தால் வகுத்தால் 6, இலக்கு எட்டியாயிற்று. ஆப்பிரிக்கக் கறுப்பர் 2, 2, 1, 2, 3. மொத்தம் 10, சராசரி 2, இதுவும் சரி. இரண்டு ஆட்டத்தில் ஐந்து பேர்தான் ஆடினார்கள் என்பதால் ஒன்றும் குடிமுழுகவில்லை.

சிக்கல் வேறு இடத்தில் வரும். ஆப்பிரிக்கக் கறுப்பின வீரர்களில் வேகப்பந்து வீச்சாளர்களே அதிகம். அவர்களுக்குத்தான் காயமும் அதிகம். ரபாடாவோ இங்கிடியோ ஒரு மாதம் படுத்தால் இரண்டாவது எண் சரியும், மற்றவர் தலையில் சுமை ஏறும். மட்டையாளர்கள் ஏன் குறைவு என்றால், தரமான புல் ஆடுகளமும் முழுநேரப் பயிற்சியாளரும் உள்ள பள்ளிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, கட்டணமும் அதிகம். கொலிசி, ரபாடா, பவுமா மூவரும் அப்படிப்பட்ட பள்ளிகள் வழியாக வந்தவர்கள்தான். கொலிசிக்கு 12 வயதில் உதவித்தொகை கிடைத்திராவிட்டால் ஸ்வீடே குடியிருப்பைத் தாண்டி அவர் பெயர் தெரிந்திருக்காது. மேலே எண்ணுவதைவிடக் கீழே பள்ளிக்கூடங்களில் செலவழிப்பது பலன் தரும் என்பது எங்கள் கருத்து. ஆனால் மேலே எண்ணியிருக்காவிட்டால் கீழே யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

2015 கிரிக்கெட் உலகக் கோப்பை அரையிறுதியில் தோற்றது கோட்டாவால்தானா?

ஆக்லாந்து, 2015 மார்ச் 24. நன்றாக வீசிக்கொண்டிருந்த கைல் அபாட்டை உட்கார வைத்து, காயத்திலிருந்து திரும்பிய ஃபிலாண்டரை ஆட வைத்தார்கள். மேலிடத்து அழுத்தம் என்று பேச்சு எழுந்தது, வாரியம் மறுத்தது. கடைசி ஓவரில் ஸ்டெய்ன் பந்தை சிக்ஸருக்குத் தூக்கி நியூசிலாந்தை வெல்ல வைத்த கிராண்ட் எலியட், ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர்.

இந்த ஒரு தோல்வியை இரண்டு கூட்டம் இரண்டு கதையாகச் சொல்கிறது. வெள்ளைக்கார ரசிகர்களில் பலருக்கு அது 'அபாட் கதை'. கறுப்பின ரசிகர்களில் பலருக்கு, தவறவிட்ட ரன் அவுட்டுகளையும் கேட்ச்களையும் மறைக்க ஒரு கலப்பினப் பந்துவீச்சாளரைப் பலி கொடுத்த கதை. அபாட் 2017-ல் இங்கிலாந்து கவுன்டி ஒப்பந்தம் வாங்கிக்கொண்டு போனதற்கும் கோட்டாவைக் காரணம் சொன்னார்கள். ராண்டுக்கும் பவுண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னவர்கள் குறைவு.

பவுமாவை விமர்சித்தால் இனவெறியா? நியாயமான விமர்சனத்தை எப்படிப் பிரிப்பது?

டெம்பா பவுமா 2016 ஜனவரியில் நியூலாண்ட்ஸில் இங்கிலாந்துக்கு எதிராக 102 அடித்தார். தென்னாப்பிரிக்காவுக்காக டெஸ்ட் சதம் அடித்த முதல் ஆப்பிரிக்கக் கறுப்பினத்தவர். அடுத்த டெஸ்ட் சதம் (172, மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக) 2023 மார்ச்சில்தான். ஏழு ஆண்டு இடைவெளியைக் குறை சொல்வது கிரிக்கெட் பேச்சு, அதில் தப்பில்லை. பேச்சு தடம் மாறும் இடங்கள் உண்டு.

முதலில் சொல்லைப் பாருங்கள். 'டி20-யில் வேகம் போதாது' என்றால் ஆட்டத்தைப் பற்றியது. 'கோட்டா கேப்டன்' என்றால், அவர் ஆடுவதைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். அடுத்து, அதே அணியில் அதே அளவு சொதப்பிய வெள்ளைக்காரர் ஒருவரை எடுத்து, எத்தனை இன்னிங்ஸ் வரை அவரைப் பொறுத்தார்கள் என்று எண்ணுங்கள். வெள்ளைக்காரர் தோற்றால் 'ஃபார்ம் இல்லை', கறுப்பர் தோற்றால் 'தகுதி இல்லை'. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். மூன்றாவது, வென்றபோது என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். 2025 ஜூனில் லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவை 5 விக்கெட்டில் வென்று உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்பைத் தென்னாப்பிரிக்கா கைப்பற்றியது. 282 ரன் விரட்டலில் மார்க்ரம் 136. தொடைத் தசை இழுத்துக்கொள்ள நொண்டியபடியே பவுமா 66. அதுவரை அவர் தலைமை தாங்கிய 10 டெஸ்டில் 9 வெற்றி, 1 டிரா, தோல்வி இல்லை. அதன் பிறகும் 'அணி நல்ல அணி, யார் கேப்டனாக இருந்தாலும் ஜெயித்திருக்கும்' என்றவர்கள் உண்டு. அவர்களே முன்பு தோல்விக்குக் கேப்டனைத்தான் காரணம் காட்டினார்கள்.

இந்திய ரசிகர்களும் இதில் சுத்தமில்லை. பவுமாவின் உயரத்தையும் நிறத்தையும் வைத்து வந்த மீம்களில் நம் ஊர்ப் பக்கங்களிலிருந்து வந்தவை எத்தனையோ. கறுப்பு நிறத்தைக் கேலி செய்யும் பழக்கம் நமக்கு வெளிநாட்டிலிருந்து வரவில்லை.

2021-ல் டி காக் மண்டியிட மறுத்தது என்ன விவகாரம்?

டி20 உலகக் கோப்பையில் மேற்கிந்தியத் தீவுகளுடன் ஆடவிருந்த அன்று காலை (அக்டோபர் 26), எல்லோரும் இனவெறிக்கு எதிராக மண்டியிட வேண்டும் என்று வாரியம் உத்தரவிட்டது. குவின்டன் டி காக் ஆட்டத்திலிருந்தே விலகினார். இரண்டு நாள் கழித்து மன்னிப்புக் கேட்டு, தன் மாற்றாந்தாய் கறுப்பினத்தவர், மாற்றாந்தாய் வழிச் சகோதரிகள் கலப்பினத்தவர் என்றார். அடுத்த ஆட்டத்தில் மண்டியிட்டார். ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு உத்தரவு போட்டது வாரியத்தின் அவசரக்குடுக்கைத்தனம். அப்போது கேப்டனாக நிருபர்கள் முன் உட்கார்ந்து நிதானமாகப் பதில் சொன்னவர் பவுமா.

வெள்ளைக்கார ரசிகர்கள் கறுப்பினக் குடியிருப்புக்குப் போய் ஆட்டம் பார்த்ததுண்டா?

2010 மே மாதம் போனார்கள். ப்ரிட்டோரியாவின் லோஃப்டஸ் மைதானம் கால்பந்து உலகக் கோப்பைக்காக ஒப்படைக்கப்பட்டதால், புல்ஸ் ரக்பி அணி தன் அரையிறுதியையும் இறுதியையும் சொவெட்டோவின் ஆர்லாண்டோ மைதானத்தில் ஆடியது. வாழ்நாளில் சொவெட்டோவில் கால் வைத்திராத ஆஃப்ரிகானர்கள் ஆயிரக்கணக்கில் நீலச் சட்டையில் வந்து இறங்கினார்கள். வீட்டு வாசல்களில் பியர் விற்றவர்களுக்கு நல்ல வியாபாரம். கையில் வுவுசேலா, தலையில் மகராபா: சுரங்கத் தொழிலாளியின் பாதுகாப்புத் தொப்பியைச் சூடாக்கி, வெட்டி, கொம்பும் சின்னமுமாக வளைத்து நிமிர்த்தி, வண்ணம் தீட்டிச் செய்யும் கால்பந்து ரசிகர் கிரீடம். இறுதியில் புல்ஸ் 25-17 என்று ஸ்டார்மர்ஸை வென்றது. அடுத்த ஆண்டு எல்லோரும் லோஃப்டஸுக்கே திரும்பிவிட்டார்கள்.

நேரில் ஆட்டம் பார்க்கப் போகிறோம். எதில் கவனம் வேண்டும்?

கிங்ஸ்மீடில் இந்தியச் சட்டை போட்டுக்கொண்டு போகலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் 'நீங்களும் இந்தியர்தானே, ஏன் அந்த அணிக்குக் கத்துகிறீர்கள்' என்று மட்டும் கேட்காதீர்கள். ஐந்தாறு தலைமுறையாக அங்கே இருப்பவரிடம் கேட்கிற கேள்வி அல்ல. பாதி வெட்டிய ரொட்டிக்குள் கறி ஊற்றித் தரும் பன்னி சவ் எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று கேளுங்கள், பேச்சு நிற்காது.

'க' எழுத்தில் தொடங்கும் ஒரு பழைய வசவுச் சொல் அங்கே விளையாட்டல்ல. 2018-ல் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னதற்காக ஒரு பெண்ணுக்குச் சிறைத்தண்டனையே கிடைத்தது. அந்தச் சொல் கடல் தாண்டியும் போயிருக்கிறது. 2005 டிசம்பரில் பெர்த்தில், எல்லைக் கோட்டருகே நின்ற இன்டினியைக் கூட்டத்தில் சிலர் அப்படி ஏசினார்கள். வெள்ளைக்காரரான ஷான் பொல்லாக்குக்கும் வசவு கிடைத்தது, கறுப்பர்களின் தம்பி என்று பொருள்படும்படி. அந்தச் சொற்றொடர் ஆஃப்ரிகான்ஸ். ஆஸ்திரேலியருக்கு அது எப்படித் தெரியும் என்று எண்ணினால், ஏசியவர்கள் எங்கிருந்து குடிபெயர்ந்தவர்கள் என்று ஊகிக்கலாம்.

தேசிய கீதத்தின்போது கூட்டத்தின் சத்தம் ஏறி இறங்குவது ஏன்?

1997-ல் ஏற்ற இப்போதைய கீதம் இரண்டு பழைய பாடல்களின் ஒட்டு, ஐந்து மொழி. முதல் இரண்டு வரி கோசா, அடுத்த இரண்டு சூலு, பிறகு செசோத்தோ, அப்புறம் ஆஃப்ரிகான்ஸ், கடைசியில் ஆங்கிலம். ரக்பி மைதானத்தில் தொடக்கம் முணுமுணுப்பாக இருந்து, ஆஃப்ரிகான்ஸ் வரி வந்ததும் கூரை அதிரும். கால்பந்து மைதானத்தில் அப்படியே தலைகீழ். முதல் வரியிலிருந்து உரத்து, ஆஃப்ரிகான்ஸில் வாய்கள் மூடிக்கொள்ளும். கேமரா வரிசையாக முகங்களைக் காட்டும்போது உதடுகளைக் கவனியுங்கள். கொலிசியின் அணியில் வெள்ளைக்கார முன்வரிசை ஆட்டக்காரர்கள் கோசா வரியைச் சொல் பிசகாமல் பாடுவார்கள். சத்தம் மாறும் இடம் அவர்களுக்குப் பின்னால், கேலரியில்தான்.